மெமரி கார்டில் கத்திய குரங்கு

காசியம்மாளுக்குக் காது கேட்காது. பதினெட்டு வயதில் வந்த ஒரு காய்ச்சல் அதைக் கொண்டுபோய்விட்டது. அதனால் ஏரியூர்க் காட்டோரத்தில் ஆடு மேய்க்கும்போது அவளுக்கும் சேர்த்துக் கேட்பது சென்னம்மாளின் வேலையாக இருந்தது. யாரும் கொடுத்த வேலை இல்லை. பக்கத்து வீட்டுக்காரி, பத்து வருடமாகச் சேர்ந்து மேய்க்கிறவள். தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

சென்னம்மாளும் தன் காதை மட்டும் நம்பி இருக்கவில்லை. அந்தக் காட்டில் சிறுத்தை உண்டு. கண்ணால் கண்டவர்கள் குறைவு, கண்டதாகச் சொல்பவர்கள்தான் அதிகம். ஆனால் புளியமரத்து உச்சியில் உட்கார்ந்திருக்கும் குரங்கின் கண்ணுக்கு அது தப்பாது. சிறுத்தையைக் கண்டால் குரங்கு கத்துகிற கத்தலே தனி. சண்டைக்குக் கத்துவது வேறு, தீனிக்குக் கத்துவது வேறு. இது தொண்டையிலிருந்து வெட்டி வெட்டி வரும். அதைக் கேட்டதும் குட்டிகள் ஓடிப்போய்த் தாய் வயிற்றைக் கட்டிக்கொள்ளும். கீழே மேய்கிற புள்ளிமான்கள் மேய்ச்சலை விட்டு விறைத்து நிற்கும். குரங்குக்கும் மானுக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது, இருந்தாலும் ஒன்று சொல்வதை இன்னொன்று கேட்டுக்கொள்ளும். சென்னம்மாளும் கேட்டுக்கொள்வாள். உடனே ஒரு சிறு கல்லை எடுத்துக் காசியம்மாளின் காலடியில் போடுவாள். இரண்டு பேரும் ஆடுகளைத் திரட்டிக்கொண்டு தார்ரோட்டுக்கு வந்துவிடுவார்கள்.

பத்து வருடத்தில் இவர்களிடமிருந்து ஒரு குட்டிகூடப் போனதில்லை. ஊரில் மற்றவர்களுக்குப் போயிருக்கிறது. சென்னம்மாளுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போன கோடையில் ஒரு நாள் பாறைமேல் சிறுத்தை வந்து படுத்திருந்தது. சென்னம்மாள் ரோட்டில் நின்று அதைப் போனில் வீடியோ எடுத்தாள். படத்தில் பாறை இருந்தது, வானம் இருந்தது, அவளுடைய கட்டைவிரலும் பாதி இருந்தது. சிறுத்தை மட்டும் இல்லை. ஆனால் குரங்கின் குரல் கணீரென்று பதிந்திருந்தது. பார்க்கிறவர்களுக்கெல்லாம் அதைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் கடலை முற்றும் சமயத்தில் ராஜப்பன் அவளிடம் வந்து நின்றான். காட்டை ஒட்டி அவனுக்கு இரண்டு ஏக்கர் நிலம். முக்கால்வாசிச் செடியைக் குரங்குகள் பிடுங்கிப் போட்டிருந்தன.

"சென்னக்கா, உங்க போன்ல கொரங்கு கத்தறது இருக்குதுங்களே, அத எனக்கு அனுப்புங்க. வெடி போட்டுப் பாத்தாச்சு, நாயக் கட்டிப் பாத்தாச்சு. ஒன்னத்துக்கும் அசைய மாட்டேங்குது."

"அதுங்க பாஷையிலியே சொன்னாத்தான் அதுங்களுக்கு ஏறும்" என்று சொல்லி அனுப்பிவைத்தாள். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ராஜப்பன் அந்தக் குரலை மட்டும் வெட்டி மெமரி கார்டில் ஏற்றினான். வரப்பில் ஒரு கம்பம் நட்டு ஸ்பீக்கரைக் கட்டினான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அது கத்தும். முதல் நாள் குரங்குக் கூட்டம் மொத்தமும் மலைக்கு அந்தப் பக்கம் ஓடிப்போனது. ஒரு வாரம் ஊரே சென்னம்மாளின் புத்தியை மெச்சியது.

இரண்டாம் வாரம் ஒரு கிழட்டுக் கடுவன் குரங்கு மட்டும் திரும்பி வந்தது. வேப்பமரத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரையே அரை நாள் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் கூட்டமும் வந்துவிட்டது. மூன்றாம் வாரம் ஸ்பீக்கர் கத்தக் கத்த அதன் அடியிலேயே உட்கார்ந்து கடலை உரித்துத் தின்றன. ராஜப்பன் விட்டானா? சத்தத்தை இன்னும் கூட்டி வைத்தான்.

மான்கள் அந்தக் குரலுக்கு நிமிர்வதை நிறுத்தியிருந்தன. சென்னம்மாள் அதைப் பார்த்தாள். இது சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. ஸ்பீக்கரை நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொடுத்தவளே போய் வேண்டாம் என்று சொன்னால் நன்றாகவா இருக்கும் என்று நாளைக் கடத்தினாள். கடைசியில் அவளும் மான்களைப் போலவே ஆகிவிட்டாள்.

அன்று புதன்கிழமை, மாலை நான்கு மணி இருக்கும். அவள் குனிந்து கீரை பறித்துக்கொண்டிருந்தாள். முப்பது அடி தள்ளி, யானை ஊருக்குள் வராமலிருக்க வெட்டிய பள்ளத்தின் ஓரமாக, காசியம்மாள் ஓர் ஆட்டின் குளம்பில் ஏறிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். குரங்கு கத்தியது. சென்னம்மாள் தலையைத் தூக்கினாள். ராஜப்பன் நிலத்துப் பக்கம் பார்த்தாள். "இவன் ஒருத்தன்" என்று முனகிவிட்டு மறுபடியும் குனிந்தாள். மறுபடியும் கத்தியது. இந்தத் தடவை அவள் நிமிரவில்லை.

அடுத்து அவள் கேட்டது காசியம்மாளின் அலறல். சிறுத்தை ஆட்டின் கழுத்தைக் கவ்வியிருந்தது. காசியம்மாள் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று இழுத்துக்கொண்டிருந்தாள். சிறுத்தை ஒரே ஒரு முறை கையை வீசியது. சென்னம்மாள் கம்பைச் சுழற்றிக்கொண்டு கூச்சல் போட்டபடி ஓடினாள். அது ஆட்டைப் போட்டுவிட்டுப் பள்ளத்துப் புதருக்குள் இறங்கிப் போனது. காசியம்மாளின் வலது கை தோளிலிருந்து முழங்கைவரை கிழிந்து தொங்கியது. ஆடு அங்கேயே செத்துவிட்டது.

சத்தம் கேட்டு ராஜப்பன் ஓடிவந்தான். துண்டால் கையை இறுக்கிக் கட்டினான்.

"அந்த எழவு ஸ்பீக்கர நிறுத்துடா மொதல்ல!" என்று சென்னம்மாள் அவன்மேல் பாய்ந்தாள்.

அவன் விழித்தான். "ஸ்பீக்கரா? கரண்டு மத்தியானத்துலருந்தே இல்லீங்களே அக்கா."

அவள் திரும்பிப் புளியமரத்து உச்சியைப் பார்த்தாள்.

தையல் மட்டும் நாற்பத்தொன்று. விரல்கள் இனி முழுசாக மடங்குவது சந்தேகம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ராஜப்பன் மறுநாளே கம்பத்தைப் பிடுங்கிப் போட்டான். ஊர்க்காரர்களும் ஃபாரஸ்ட்காரர்களும் மாறி மாறிச் சென்னம்மாளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். எல்லோரிடமும் அவள், "கொரங்கு கத்தவே இல்லீங்க" என்றாள். எல்லோரும் நம்பினார்கள். அவள் சொன்னால் யார் நம்பமாட்டார்கள்? பத்து வருடத்துப் பெயர் ஆயிற்றே. சொல்லச் சொல்ல அது நாக்கில் பழகியும் போனது.

பன்னிரண்டாம் நாள் காசியம்மாள் வீடு திரும்பினாள். சென்னம்மாள் ராகிக் களி கிண்டிக் கருவாட்டுக் குழம்போடு கொண்டுபோனாள். காசியம்மாள் சுவரில் சாய்ந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இடது கையால் களியைப் பிட்டு இரண்டு வாய் தின்றாள். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அன்னிக்கி கொரங்கு கத்துச்சா புள்ள?"

காது கேட்காதவளிடம் பொய் சொல்வது லேசான காரியம் இல்லை. குழம்பைக் கிளறிக்கொண்டோ வாசலைப் பார்த்துக்கொண்டோ சொல்லிவிட முடியாது. முகத்துக்கு நேராக நின்று, உதட்டைப் பிரித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல வேண்டும். சென்னம்மாள் சொல்லிப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் சொன்ன அந்தச் சொல் வாயிலிருந்து வரவில்லை.

"கத்துச்சுக்கா. ரெண்டு தடவ கத்துச்சு. ஸ்பீக்கருதான்னு நெனச்சிட்டேன். உன் பக்கம் ஒரு கல்லுகூட எடுத்துப் போடல. ஊரெல்லாம் பொய் சொல்லிட்டேன்."

காசியம்மாள் அவள் உதடு நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும்" என்றாள். "நீ தலைய தூக்கனத பாத்தேன். நானும் கையிலிருந்த ஆட்ட வுட்டுட்டு எந்திரிக்கத்தான் போனேன். நீ மறுபடியும் குனிஞ்சிட்ட. செரி, ஒன்னுமில்ல போலன்னு நானும் குனிஞ்சிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். தட்டை இழுத்து மிச்சக் களியைத் தின்ன ஆரம்பித்தாள். அவள் திட்டியிருந்தால் சென்னம்மாள் தாங்கியிருப்பாள்.