பத்தொன்பது பேர் சொன்ன பொய்

லுத்தரன் சபையில் ஒரு போதகரை மாற்றல் உத்தரவு போட்டு யாரும் தூக்கியடித்துவிட முடியாது. போதகர் வேண்டுகிற சபை அழைப்புக் கடிதம் அனுப்பும். கிடைத்தவர் அதைத் தன் சபையார் முன்னால் வாசித்து, அவர்கள் மனதைக் கேட்டு, ஜெபம்பண்ணி, போவதா இருப்பதா என்று பதில் எழுதுவார். தெல்தோட்டைக்கு மேலே தேயிலை மலையில் பதினோரு வருஷமாக ஊழியம் செய்த போதகர் ராஜரத்தினத்துக்கு, எழுபத்தைந்தாம் ஆண்டு ஜூன் மாதம், கொழும்பிலிருந்து அப்படியொரு கடிதம் வந்தது.

போகிற எண்ணம் அவருக்கு எள்ளளவும் இல்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் ஏறி இறங்கி அட்டைக்கடி வாங்கிய கால் அது, கொழும்பு வெயிலுக்கு எதற்கு? ‘வரவில்லை’ என்று ஒரு தபாலட்டையில் காரியத்தை முடித்திருக்கலாம். ஆனால் மனுஷனுக்கு ஒரு சின்ன ஆசை. கடிதத்தை வாசித்ததும் சபையார் பதறுவார்கள், பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள், ‘எங்களை விட்டுட்டுப் போயிராதீங்க ஐயா’ என்று யாராவது ஒருவர் காலைப் பிடிப்பார். அதற்குப் பிறகு, பெரிய மனதுபண்ணி இருந்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கடிதத்தை வாசித்தார். தேவையான இடத்தில் குரலை நடுங்கவும் விட்டார். “உங்க மனசு என்னன்னு சொல்லுங்க. ஆண்டவருடைய சித்தம் என்னன்னு நான் இன்னும் ஜெபத்துல கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார்.

சபை மூப்பர் சின்னமுத்து எழுந்தார். தேயிலைக் கொழுந்து நிறுப்பவர், அளந்துதான் பேசுவார்.

“ஆண்டவர் கூப்பிடுறாரு. தடுக்க நாங்க யாரு? சந்தோஷமா போயிட்டு வாங்க ஐயா. சரிங்கிறவங்க கை தூக்குங்க.”

கைகள் தூக்கப்பட்டன. வீரம்மா இரண்டு கையையும் தூக்கினாள். தெல்தோட்டை பஜாரில் கடைச் சிப்பந்தியாக இருந்த ராஜலிங்கம் ஒருபடி மேலே போய், “சாமான் ஏத்த லொறி நான் பேசித் தர்றேன்யா!” என்றான்.

நுணலும் தன் வாயால் கெடும். மூன்று மாதத்துக்கு முன்னால் ஆபிரகாம் ஊரைவிட்டுப் புறப்பட்டதைப் பற்றிப் பிரசங்கம் செய்தபோது, ‘ஆண்டவர் அழைத்தவனை அழுது தடுக்கிறவன் ஆண்டவரோடு மல்லுக்கு நிற்கிறான்’ என்று மேசையைத் தட்டிச் சொன்னவர் இவரேதான். சபையார் நல்ல பிள்ளைகள், சொன்னதைக் கேட்டார்கள்.

வீட்டில் மனைவி நல்லம்மா சோறு போட்டாள். அன்று தலைவலி என்று அவள் கோயிலுக்கு வரவில்லை.

“என்ன சொன்னாங்க?”

“லொறி பேசிட்டாங்க” என்றார் போதகர், தட்டைப் பார்த்தபடி.

அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. சிரித்த முகத்தோடு வழியனுப்புகிற இடத்தில் எந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பது? ‘உங்கள் அழைப்பை ஏற்று’ என்று எழுத ஆரம்பித்து, நாலு தாளைக் கிழித்தார்.

சனிக்கிழமை வந்தது. மறுநாள் கோயிலில் அப்பமும் ரசமும் பங்கிடும் திருவிருந்து. திருவிருந்தில் பங்கெடுப்பவர்கள் முந்தின நாள் போதகரிடம் வந்து பேர் கொடுக்கவேண்டும், மனதை உறுத்துவது ஏதும் இருந்தால் அறிக்கை செய்து மன்னிப்பும் பெறலாம் என்பது அந்தச் சபையின் வழக்கம். அப்படிக் கேட்டதைப் போதகர் செத்தாலும் வெளியே விடக்கூடாது. அதை வைத்து ஒரு காரியம் பண்ணவும் கூடாது.

முதலில் வந்தவர் சின்னமுத்து. முழங்காலில் நின்றார்.

“ஐயா, போன ஞாயித்துக்கிழமை கோயில்லயே நின்னு பொய் சொன்னேன்.”

“என்ன பொய்?”

“சந்தோஷமா போயிட்டு வாங்கன்னு சொன்னேனே, அது. தம்பி குடும்பம் இந்தியாவுக்குப் போனப்போ கண்டி ஸ்டேஷன்ல ஒப்பாரி வச்சு அனுப்புனேன். போறவங்களுக்கு அது எவ்வளவு பாரமுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு. அதான் உங்களையாவது சிரிச்சு அனுப்பலாம்னு பாத்தேன். மத்தவங்க எல்லாம் மனசாரத்தான் கை தூக்குனாங்க. நான் ஒருத்தன்தான் பொய்க்காரன்.”

போதகருக்கு எழுந்து அவரைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. ஆனால் உட்கார்ந்திருந்த கதிரை அதற்கானதல்ல. தலையில் கை வைத்து மன்னிப்பைச் சொல்லி அனுப்பினார்.

அடுத்தது வீரம்மா. அவளும் அதே பாவம். “ரெண்டு கையயும் தூக்குனேனே ஐயா, அது ரெண்டு பொய்யா?” என்று கேட்டாள். பின்னால் ராஜலிங்கம். அவன் லொறி பேசவே இல்லையாம். போதகர் கேட்டால் வண்டி பழுது என்று சொல்லும்படி டிரைவரிடமும் சொல்லிவைத்து, அவனையும் பொய்யனாக்கிவிட்டானாம். பிற்பகல் நாலு மணிக்குள் பத்தொன்பது பேர் வந்தார்கள். பத்தொன்பது பேருக்கும் ஒரே பாவம். மற்றவர்கள் எல்லாம் உண்மை சொன்னார்கள், தான் மட்டுமே பொய்க்காரன் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள்.

ராஜரத்தினத்துக்கு முதலில் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. இதில் ஒரு சொல்லைக்கூட அவர் யாரிடமும் சொல்ல முடியாது. இதைக் கேட்டதால் இருக்கிறேன் என்று முடிவெடுக்கவும் முடியாது. ஒரு சபையே தனித்தனியாக அழுதுகொண்டிருக்க, அது தெரிந்த ஒரே ஆள் வாய்ப்பூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியாக மூக்காயி வந்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால், நாற்பது வயதில், இவரிடம் ஞானோபதேசம் படித்து ஞானஸ்நானம் பெற்றவள். படித்த எதையும் மறக்காதவள்.

“நான் கை தூக்கல. பின் பெஞ்சுங்கிறதால யாரும் பாக்கல. என்னய்யா, மூஞ்சி இப்பிடி இருக்கு? உங்களுக்கும் ஏதாச்சும் அறிக்கை பண்ணணுமா?”

“பண்ணத்தான் வேணும். ஆனா கேக்குறதுக்கு இங்க வேற போதகர் இல்லையே.”

“போதகர் கெடைக்காத எடத்துல எந்த விசுவாசியும் மன்னிப்புச் சொல்லலாம்னு நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க. உங்களுக்கு நீங்களே சொல்லிக்க முடியுமா? முழங்கால் போடுங்க.”

போட்டார். தான் ஜெபத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்பதையும், கடிதம் வந்த நிமிஷமே போவதில்லை என்று முடிவெடுத்ததையும், இவர்களை அழவைத்துப் பார்க்கத்தான் அதை வாசித்ததையும் சொன்னார். சொல்லும்போது வெட்கத்தில் காது சுட்டது.

கொழுந்து கிள்ளிக் காய்த்த கை அவர் தலைமேல் இறங்கியது. “இயேசுவின் நாமத்துல உங்க பாவம் மன்னிக்கப்பட்டுச்சு. எந்திரிங்க” என்றாள் மூக்காயி. வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். “அடுத்தவங்க பாவத்தத்தான் வெளிய சொல்லக்கூடாது. உங்க பொய்ய நீங்களே சொல்றதுக்கு என்ன தடை?”

மறுநாள் பாவ அறிக்கை நேரத்தில், புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால், போதகர் தன் பொய்யைச் சபைக்குச் சொன்னார். “நான் போக நெனச்சதே இல்ல. நீங்க அழுவீங்களான்னு பாத்தேன். என்னை மன்னிச்சிருங்க.”

சின்னமுத்து எழுந்தார். “ஐயா, நானும் பொய்தான் சொன்னேன்.” வீரம்மா எழுந்தாள். ராஜலிங்கம் எழுந்தான். பெஞ்சு பெஞ்சாக எழுந்து நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். ‘நீயுமா?’ ‘அடப்பாவி, நீயுமா?’ அழுகையும் சிரிப்பும் கலந்து கோயில் சந்தையாகிவிட்டது.

“அப்போ நாங்க இங்கயே இருக்கோம்!” என்றார் போதகர்.

பெண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்சில் நல்லம்மா எழுந்தாள்.

“நான் பொய் சொல்லல” என்றாள். “என்னைய யாருமே கேக்கலையே, பொய் சொல்றதுக்கு. கேட்டிருந்தா, போகலாம்னுதான் சொல்லியிருப்பேன்.”

சந்தை அடங்கியது. இருபது பேருக்குக் காது கொடுத்த போதகர், ஒரே மேசையில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பீடத்தைவிட்டு இறங்கி அவளிடம் போனார்.

“நல்லம்மா, உன் மனசு என்ன?”

“இத்தனை பேரு பாத்துக்கிட்டு இருக்கையில கேட்டா, நானும் பொய்தான் சொல்லணும். வீட்டுல வந்து கேளுங்க.”

அன்றைய பிரசங்கம் ஏழே நிமிஷத்தில் முடிந்தது. திருவிருந்து கொடுத்ததும் போதகர் அங்கியைக்கூடக் கழற்றாமல் மனைவியின் பின்னால் வீட்டுக்கு நடந்தார். சபையார் ஒருவரும் கலையவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே ஜெபம்பண்ணினார்கள்.

செவ்வாய்க்கிழமை கொழும்புக்குப் பதில் போனது. ‘தற்சமயம் இந்தச் சபையிலேயே தொடரத் தீர்மானித்துள்ளோம்’ என்று போதகர் எழுதியிருந்தார். அதன் கீழே வேறு கையெழுத்தில், வேறு மையில் இரண்டு வரி இருந்தது:

‘மூன்று வருஷம் கழித்து மறுபடி எழுதவும். கடிதத்தை என் பெயருக்கு அனுப்பவும். — திருமதி நல்லம்மா ராஜரத்தினம்.’