சும்மா உருளாத சைக்கிள்

மலை டவுனான தானா ராத்தாவில் சைக்கிள் கடை வைத்திருக்கிற சீனன் ஆ லெங் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டான். சக்கரத்தோடு பெடலும் சுற்றியது. பெடலைப் பிடித்து நிறுத்தினான், சக்கரமும் நின்றது. எந்தத் துரையோ ஊருக்குப் போகும்போது விட்டுப்போன பழைய ராலே சைக்கிள் அது. ஃபிரீவீல் தேய்ந்து, மாற்றும் கிடைக்காமல், பல்சக்கரத்தை அச்சோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டான். இறக்கத்தில் காலை ஓய்வாக வைத்துக்கொண்டு உருளுகிற சுகமெல்லாம் இதில் இல்லை. சக்கரம் ஓடுகிறவரை காலும் சுற்றியே ஆகவேண்டும்.

“காக்கி ஜாங்கான் பெர்ஹெந்தி,” என்றான் ஆ லெங். காலை மட்டும் நிறுத்திவிடாதே.

“சரிலா, தவுக்கே,” என்று கடை முதலாளிக்குத் தலையாட்டினாள் நவமணி.

சொன்னவள் அதுவரை சைக்கிளைத் தொட்டவள்கூட இல்லை. எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தே முப்பது வயதைத் தொட்டவள். ஆனால் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வார்டில் நிற்கவேண்டும். எஸ்டேட் முனைக்கு முதல் பஸ் வருவதே எட்டு மணிக்கு. அவள் போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறொருத்தி காத்திருக்கிறாள். சைக்கிளை விட்டால் வேறு வழியில்லை.

அந்த வாரம் முழுக்க அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. வேலை முடிந்து வந்ததும் கூடையை இறக்கிவைப்பாள், கணவனின் காற்சட்டையை மாட்டுவாள், தேயிலை ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கிற சமதரைக்கு ஓடுவாள். விழுந்தாள், எழுந்தாள். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவளுக்கென்ன. வெள்ளிக்கிழமை விழாமல் ஓட்டினாள். மிஞ்சியிருந்தது எஸ்டேட்டிலிருந்து டவுனுக்குப் போகிற வழியில் இருக்கிற இறக்கம் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கணவன் சுப்பன் குறுக்கே வந்து நின்றான். தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலைக்காரன், கம்போங் ராஜா பக்கம் இளவட்டமாகத் திரிந்த நாளிலிருந்தே சைக்கிள் ஓட்டுகிறவன்.

“மொதல்ல நான் எறங்கிக் காட்டுறேன். பாத்துக்க.”

“கால நிறுத்தக்கூடாதுங்க.”

“எனக்கேவா சொல்ற?”

ஏறி உட்கார்ந்தான். சரிவு வந்ததும், மலையில் சைக்கிள் ஓட்டுகிற எவனும் செய்வதையே அவனும் செய்தான்: காலை நிறுத்தினான். பெடல் நிற்கவில்லை. அவன் காலை எத்தித் தூக்கி, ஆளையே தேயிலைச் செடிக்குள் எறிந்தது. முழங்கால் கிழிந்துபோயிற்று.

அவள் கட்டுப் போடும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “இத திருப்பிக் குடுத்துடு. இது சைக்கிளே இல்ல.”

“எனக்கு வேற சைக்கிளு தெரியாதுல்ல. கால நிறுத்துற பழக்கமே எனக்கு இல்ல.”

“ஒனக்கு இங்க என்னடி கொறச்சல்?”

நவமணி யோசித்தாள். அடிக்காத புருஷன், ஒழுகாத கூரை. குறை என்று எதைச் சொல்வது? நெஞ்சுக்குள் கிடந்து அடித்துக்கொள்கிற ஒன்றுக்கு அவளுக்குப் பெயர் தெரியவில்லை.

“கொறச்சல் இல்லங்க. ஒரே எடத்துல நின்னுக்கிட்டே இருக்க முடியல, அவ்ளோதான்.”

அவன் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அதுதான் அவளை இரவெல்லாம் புரட்டிப்போட்டது.

திங்கட்கிழமை விழித்தபோது சுப்பன் படுக்கையில் இல்லை. சொல்லாமலே பெரட்டுக்குப் போய்விட்டிருந்தான். விடியற்காலையில் எல்லாரும் வரிசையில் நின்று பேர் கொடுக்கிற அந்தத் திடலைத் தாண்டித்தான் இறக்கம். வேலையை விடுகிறேன் என்று கங்காணி பழனியப்பனிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. பயம்தான். ஆஸ்பத்திரியில் சரிப்பட்டு வராவிட்டால் கூடையாவது மிஞ்சட்டுமே என்று சும்மா இருந்துவிட்டாள்.

பனிமூட்டத்துக்குள் சைக்கிளை மிதித்துக்கொண்டு திடலை நெருங்கும்போது பேர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. வேலம்மா. ரஞ்சிதம். பிறகு, “நவமணி.”

சின்ன வயதிலிருந்து ஊறிப்போன பழக்கம். பதில் சொல்ல வாய் தானாகத் திறந்துவிட்டது. குரல் வருவதற்குள் வரிசையிலிருந்து இன்னொரு குரல் வந்தது.

“அவ இனிமே வரமாட்டா, கங்காணி. பேர அடிச்சிருங்க.”

சுப்பனின் குரல். அவன் முகத்தைப் பார்க்கவேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஒரு நிமிஷம் நின்றால் போதும். ஆனால் சரிவு தொடங்கிவிட்டது. பெடல்கள் அவள் பாதங்களை மேலே தூக்கின, கீழே இழுத்தன, மறுபடி தூக்கின. கண்ணில் முட்டிய நீரைத் துடைக்கக் கையை எடுக்க முடியாமல், பனிக்குள் கறுப்பாகத் தெரிந்த வளைவை நோக்கி அவள் மிதித்துக்கொண்டே போனாள்.