மெத்தையில் ஒரு பள்ளம்

"இழு, உன் பக்கம் இழு! என் தலையிலயே விழப்போகுது பாரு" என்று புதன் பல்லைக் கடித்துக்கொண்டு அதட்டினாள். குளியலறையில் அம்மா தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள் பஞ்சு மெத்தையைப் புரட்டிப் போட்டாக வேண்டும். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த மதியம் அது. வாசலில் விட்ட செருப்புகளில் மண்கூட இன்னும் காயவில்லை.

மெத்தையின் மறுமுனையில் அவள் அண்ணன் வியாழனுக்கு மூச்சு வாங்கியது. "என்ன கனம்டி இது! அப்பா இன்னும் உள்ள படுத்திருக்கிற மாதிரி."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருவரும் மெத்தையை நிமிர்த்தினார்கள்.

புதன், வியாழன் என்பதெல்லாம் அப்பா வைத்த பட்டப்பெயர்கள். கோளரங்கத்தில் வருகிற கூட்டத்துக்கு விளக்கம் சொல்வது அவர் வேலை. வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. துறுதுறுவென்று அவர் காலையே சுற்றிவந்த பெண் புதன் ஆனாள். பிறக்கும்போதே கொழுகொழு என்று இருந்த பையன் வியாழன். "நல்லவேளை, இதோட நிறுத்திக்கிட்டேன். மூணாவதா ஒண்ணு பொறந்திருந்தா சனின்னு வாய் கூசாம கூப்பிட்டிருப்பார் இந்த மனுஷன்" என்பாள் அம்மா. அப்பாவும் மறுக்க மாட்டார். வளையமெல்லாம் போட்டுக்கிட்டு எவ்வளவு அழகா இருக்கும் தெரியுமா என்பார்.

அந்த மெத்தையில் ஒரு பள்ளம் உண்டு. அப்பா நல்ல கனத்த உடம்பு. வருஷக்கணக்காகப் படுத்துப் படுத்து, அவர் பக்கம் பஞ்சு அமுங்கி ஒரு குழியே விழுந்துவிட்டது. பக்கத்தில் யார் படுத்தாலும் அதற்குள் உருண்டு போவார்கள். அம்மாவோ ஒல்லிப்பிச்சான். குழி விழத் தொடங்கிய நாளிலிருந்து கட்டில் விளிம்பை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அவள் விரல் படும் இடத்தில் மட்டும் மரத்தின் மெருகு போய் வெளுத்திருந்தது. மெத்தையைத் தூக்கியபோதுதான் புதன் அதைக் கண்ணால் பார்த்தாள்.

"உங்கப்பாவோட ஈர்ப்பு விசைடி. என்னால முடியல சாமி" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

மெத்தையைப் புரட்டும் யோசனை புதனுடையதுதான். நேற்றுக் காலையிலிருந்து அம்மா உட்காரவே இல்லை. சமையலறை, கூடம், படுக்கையறை வாசல், பின்கட்டு, மறுபடி சமையலறை என்று நடந்துகொண்டே இருக்கிறாள். படுக்கையறைக்குள் மட்டும் கால் வைப்பதில்லை. வாசல் வரை வந்து, கட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வியாழன் வழியில் நாற்காலியைப் போட்டான். அம்மா அதையும் சுற்றிக்கொண்டு போனாள். "உக்காந்தா விழுந்துடுவேன்டா, விடு" என்றாள். தெருமுனை டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "எப்படியாவது இன்னிக்கு படுக்க வச்சிடுங்க. ஏற்கனவே பலவீனமான இதயம். இப்படியே போனா அடுத்தது இவங்கதான்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு பேரையும் ஒரே வாரத்தில் பறிகொடுக்கப் புதனால் முடியாது. அந்தப் பள்ளத்தைப் பார்த்துத்தான் அம்மா உள்ளே வர மறுக்கிறாள், அது கண்ணில் படாவிட்டால் படுத்துவிடுவாள் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

மேல்பக்கம் கீழே போனது. புதுப்பக்கம் பலகை போலச் சமமாக இருந்தது. துவைத்த விரிப்பை உதறி விரித்தாள். விரிப்பு காற்றில் உப்பித் தாழ்ந்தது.

இதே மாதிரி ஒரு விரிப்பைத்தான் அப்பா கோளரங்கத்தில் நாலு மூலையிலும் ஆள் நிறுத்திப் பிடிக்கச் சொல்வார். நடுவில் ஓர் இரும்புக் குண்டு. துணி அமுங்கிப் பள்ளமாகும். ஒரு கோலிக்குண்டை ஓரமாக உருட்டிவிடுவார். அது பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும். "நிலா விழலைன்னு யார் சொன்னா? விழுந்துக்கிட்டேதான் இருக்கு. ஆனா பக்கவாட்டுல ஓடிக்கிட்டே இருக்கே, அதனால பூமி மேல படாம தப்பிச்சுக்கிட்டே இருக்கு. நின்னுதோ, நேரா வந்து நம்ம மடியிலதான்!" ஒருமுறை புதன்தான் கேட்டாள், குண்டை எடுத்துட்டா என்னப்பா ஆகும் என்று. "சூரியன் இல்லேன்னா பூமி எங்கேயும் விழாதுடா கண்ணு. நேரா போகும். போய்க்கிட்டே இருக்கும்" என்றார். அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அம்மா ஈரத்தலையோடு படுக்கையறை வாசலில் வந்து நின்றாள். இந்த முறை திரும்பவில்லை. உள்ளே வந்தாள். "படுக்கறேன்டி" என்று தானாகவே சொன்னாள். புதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

அம்மா தன் பக்கத்தில், ஓரமாகப் படுத்தாள். கை தானாகப் போய் விளிம்பைப் பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்துக் கையை விட்டாள். விட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. படுத்த இடத்திலேயே கிடந்தாள்.

"உருளலையே" என்றாள் அம்மா.

வியாழன் சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சை இதுவரை பார்க்காதவன் போலப் பார்த்தான்.

"மெத்தையைத் திருப்பிட்டீங்களா?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்மா..." என்றாள் புதன்.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். குரலில் கோபமே இல்லை. "நேத்து காலையில டீயைக் கொண்டாந்து தலைமாட்டுல வச்சிட்டு, ஆறிப்போகுது எந்திரிங்கன்னு எவ்வளவு நேரம் திட்டிக்கிட்டு நின்னேன் தெரியுமா? அவர் போயிட்டது தெரியாம. இத்தனை வருஷமா விழக்கூடாது விழக்கூடாதுன்னு கட்டையைப் புடிச்சிக்கிட்டே படுத்துட்டேன். இன்னிக்கு ஒரு தடவை விழுந்துட்டுப் போறேன்னு மனசைத் தேத்திக்கிட்டு வந்தா, அதையும் எடுத்துட்டீங்களேடி."

எழுந்து நடந்தாள். கூடத்தில் எப்போதும் பின்கட்டுக்குத் திரும்பும் இடத்தில் திரும்பவில்லை. நேராக வாசலுக்குப் போனாள். செருப்பில்லாமல் படியிறங்கினாள். தெருவில் வெயிலில் நேராகப் போய்க்கொண்டே இருந்தாள்.

"அண்ணா, திருப்பிப் போடு! சீக்கிரம்!" என்று கத்திக்கொண்டே புதன் ஓடினாள். தையல்காரம்மாவின் வீட்டைத் தாண்டி, டாக்டர் வீட்டைத் தாண்டி, தெரு முடிகிற இடத்தில்தான் அம்மாவின் தோளைப் பிடிக்க முடிந்தது. "வாம்மா. பழையபடி போட்டாச்சு. தப்புப் பண்ணிட்டோம்மா, வா."

அம்மா அவளை யாரோ போலப் பார்த்தாள். பிறகு வந்தாள்.

வியாழன் எப்படித்தான் ஒற்றை ஆளாகப் புரட்டினானோ, சட்டை நனைந்து சுவரில் சாய்ந்து நின்றான். விரிப்பு போடவில்லை. பள்ளம் அப்படியே இருந்தது, அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருப்பதைப் போல.

அம்மா ஓரத்தில் படுத்தாள். விளிம்பைப் பிடித்தாள். விட்டாள்.

மெல்ல, தோள் முதலில், பிறகு இடுப்பு, உருண்டு உள்ளே போனாள். அவளுக்கு அந்தப் பள்ளம் ரொம்பப் பெரிதாக இருந்தது. அதன் அடியில் முழங்காலை மடக்கிக்கொண்டு, "வந்துட்டேன், போதுமா" என்று யாரிடமோ சலித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராக வந்தது.

வியாழன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே போய் அழுதான். புதன் அம்மாவைப் பார்த்தபடி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்துக் கை வலித்தது. குனிந்து பார்த்தாள். மெருகு போன அந்த இடத்தை அவள் விரல்கள் இறுகப் பிடித்திருந்தன.