ஊர் தராத அனுமதி

கல்லீரல் உருண்டை சூப்பை மேஜையில் வைத்துவிட்டு, சமையலறைக்குத் திரும்பாமல் வேலைக்காரி வால்புர்கா அங்கேயே நின்றாள். ஏப்ரன் கட்டி மறைக்க முடியாத வயிறு.

"சபையில என்ன சொன்னாங்க, ஐயா?"

டாக்டர் ரைஸாக் கரண்டியை எடுத்து, மறுபடி கீழே வைத்தார். "இந்தத் தடவையும் முடியாதுன்னுட்டாங்க. நான் ஒருத்தன்தான் உனக்காகக் கை தூக்கினேன்."

எங்கள் பவேரியா ராஜ்யத்தில் சொத்தில்லாதவன் கல்யாணம் செய்துகொள்ள ஊர்ச்சபை சம்மதிக்க வேண்டும். வால்புர்கா கட்டிக்கொள்ள நினைத்த, கல்லுடைக்கும் கோர்பினியானுக்குச் சொத்து என்று இருந்தது இரண்டு கைகள்தான். நாளைக்கு இவர்கள் பிள்ளைகளுக்கு ஊர் கஞ்சி ஊற்ற வேண்டி வருமோ என்று சபைக்குப் பயம். கல்யாணத்தைத் தடுத்தால் பிள்ளை பிறக்காது என்று நம்பிய புத்திசாலிகள் அவர்கள்.

டாக்டரும் லேசுப்பட்டவர் அல்ல. கப்பலில் வைத்தியம் பார்த்தவர், பத்திரிகை நடத்தியவர். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டாம் வருஷத்துக் கலகத்தில் அரசனை எதிர்த்துப் பேசிச் சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் சுவிட்சர்லாந்துக்கு ஓடினார். மன்னிப்புக் கிடைத்துத் திரும்பியவரை எங்கள் ஊர்தான் மியூனிக் சட்டசபைக்கு அனுப்பியது. அங்கே இந்தச் சட்டத்தைக் கிழி கிழியென்று கிழித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். சட்டம் அப்படியே இருந்தது.

ஊர்ச்சபையில் கைகூடத் தட்டவில்லை. பீர் ஆலை வைத்திருக்கும் மேயர் ஷ்வைகர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஊர் விஷயத்துல ராஜா தலையிடக் கூடாது, ஊரே முடிவு பண்ணணும்னு ஜெயிலுக்குப் போனது நீங்கதானே, டாக்டர்? இப்ப ஊர் முடிவு பண்ணிடுச்சு."

தான் போராடி வாங்கித் தந்த உரிமையே ஒரு ஏழைப் பெண்ணின் கழுத்தை நெரிக்கிறதே என்று டாக்டருக்கு நெஞ்சு எரிந்தது.

"அப்ப நான் அவர்கூடவே போய் இருந்துக்கறேன்," என்றாள் மேஜையருகே நின்ற வால்புர்கா.

"போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடுவாங்கடி," என்றாள் டாக்டரின் மனைவி லூடோவிகா. "இங்கேயே இரு. ஊர் பேசினா பேசிட்டுப் போகட்டும்."

"பிள்ளைக்கு அப்பன் பக்கத்துல இருக்க வேண்டாமாம்மா?"

அன்றைக்கே துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

லூடோவிகா சொன்னதுதான் நடந்தது. கல்யாணமில்லாமல் ஒரே கூரையின் கீழ் குடியிருந்த குற்றத்துக்காக இரண்டு பேரையும் ஊர்ச்சிறையில் அடைத்தார்கள். கோர்பினியானைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். மேயரின் புது ஆலைக்குக் கல் உடைக்க ஆள் வேண்டுமே. வால்புர்காவுக்கு வலி எடுத்தது சிறைக்குள். ஊர் வைத்தியர் என்ற முறையில் டாக்டரைத்தான் கூப்பிட்டார்கள்.

வாசலில் கோர்பினியான் ஒரு ரொட்டியோடு நின்றிருந்தான். காவல்காரன் வழியை மறித்துக்கொண்டிருந்தான். "சொந்தக்காரங்களைத்தான் உள்ளே விடலாம். நீ அவளுக்கு யாரு?"

"இவன் அவ புருஷன்," என்றார் டாக்டர்.

"சபை அப்படிச் சொல்லலீங்களே, டாக்டர்." காவல்காரன் மரியாதையாகத்தான் சொன்னான்.

கோர்பினியான் ரொட்டியை அவர் கையில் கொடுத்தான். "நான் யாருமில்லையாம். நீங்களே குடுத்துடுங்க, ஐயா."

பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. அதைத் துடைத்துத் தாயின் பக்கத்தில் கிடத்திவிட்டு டாக்டர் ரொட்டியை நீட்டினார்.

"உன் புருஷன் கொடுத்தான்," என்றார்.

"இந்த வார்த்தையை இந்த நாலு சுவருக்குள்ளதான் சொல்ல முடியுது, இல்லீங்களா ஐயா?" அவள் கேட்டதில் கோபம் இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

வால்புர்கா படுத்தபடியே ரொட்டியை இரண்டாகப் பிட்டாள். ஒரு பாதியை அவர் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"இதை அவர்கிட்ட குடுங்க. கல்யாணச் சாப்பாடுன்னு சொல்லுங்க."