பிளாஸ்கில் வந்த உயிர்கள்

பிண்ணாக்கு லொறியை ஆமிக்காரர் சோதனைச் சென்றியில் மறித்துவிட்டார்கள். செங்கலடிக் கடைகளில் மாட்டுத் தீவனம் இல்லை. சின்னத்தங்கம் பேக்கரியில் மிஞ்சிய பழைய பாணைச் சாக்கோடு வாங்கிவந்து தன் செவலைப் பசுவுக்குக் கொட்டினாள். அது ஆசையாகத் தின்றது. விடிந்து பார்த்தால் வயிறு ஊதி, அசைபோடாமல் தலையைத் தொங்கப்போட்டு நின்றது.

மாட்டு டாக்டர் அழகரத்தினம் குழாய் விட்டு வயிற்றுத் தண்ணீர் கொஞ்சம் எடுத்தார். புளித்த வாடை குப்பென்று அடித்தது. புளிப்பு முறிய அப்பச்சோடா கரைத்துப் பருக்கிவிட்டு அவர் மிருக வைத்தியக் கந்தோருக்குப் போக, அவளும் பின்னாலேயே போனாள். எடுத்த தண்ணீரில் ஒரு துளி விட்டு அவர் மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். அசையாத பழுப்புத் தூள்தான் தெரிந்தது.

"மாட்டிட வயித்துக்குள்ள கோடிக்கணக்கில சின்ன உயிர்கள் இருக்குதக்கா. வைக்கலைச் செமிக்க வைக்கிறது அதுகள்தான். பாண் மாதிரி மாச்சாமானை ஒரேயடியாக் குடுத்ததால வயிறு புளிச்சு, எல்லாம் செத்துப் போச்சு."

"இனி என்ன செய்யிற ஐயா?"

"நல்ல மாட்டிட வயித்துத் தண்ணி வேணும். ஏறாவூர் இறைச்சிக்கடையில கிடைக்கும். சூடு ஆறாமக் கொண்டு வரணும்."

மாட்டிறைச்சி என்ற சொல்லையே எடுக்காத வீடு அவளுடையது. அதோடு, இங்கேயிருந்து முஸ்லிம் ஊரான ஏறாவூருக்குப் போகத் தமிழ் ஆட்கள் பயந்த காலம். ஆனாலும் செத்ததைப் பார்த்தவளுக்கு உயிரோடு இருப்பதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள்.

டாக்டர் சொன்னதையும் காட்டியதையும் அவள் சொல்லிக் கேட்க, இறைச்சிக்கடைக்காரர் முகைதீன்பாவா கத்தியைக் கீழே வைத்தார். "இத்தனை வருசமா இதக் கழுவி ஊத்துறன். கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான், தங்கச்சி!"

அப்போதுதான் அறுத்த மாட்டின் இரைப்பையில் கிடந்ததைத் துணியில் பிழிந்து நிரப்பிக் கொடுத்தார்.

சென்றியில் ஆமிக்காரன் மூடியைத் திறந்து மோந்தான். முகத்தைச் சுளித்து, "யண்ட! யண்ட!" என்று போகச் சொல்லிக் கையை வீசினான்.

கந்தோரில் டாக்டர் ஒரு துளி விட்டார். அவள் குனிந்தாள். முட்டை வடிவப் பிராணிகள், உடம்பெல்லாம் மயிர் முளைத்தவை, முட்டி மோதிச் சுழன்று ஓடின.

"என்ர ஆத்தே! இதுகள் என்னத்தத் தின்னும்?"

"மாடு தின்னுறதத்தான். முதல்ல அதுகள், பிறகுதான் மாடு."

"அப்ப நான் இவ்வளவு நாளும் இதுகளுக்கோ தீன் வைச்ச?"

"ஓம். ஆறப்போகுது, எழும்புங்கக்கா!"

பிளாஸ்கில் இருந்ததைப் பருக்கிய மறுநாள் பசு வைக்கலை முகர்ந்தது. அதற்கடுத்த நாள் அசைபோட்டது. அதற்குப் பிறகு பாணை வைக்கலோடு ஒரு பிடி மட்டும் கலந்தாள், மெல்ல மெல்லக் கூட்டினாள்.

ஒருநாள் முகைதீன்பாவா சென்றியைத் தாண்டி வந்து அவள் வீட்டுப் படலையில் நின்றார். அசைபோடும் பசுவை வெகுநேரம் பார்த்தார்.

"அந்த டாக்டர் வயித்துக்குள்ள இருக்கிற உயிர்கள எனக்கும் காட்டுவாரோ?"

"வாங்க காக்கா," என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டபடி சின்னத்தங்கம் முன்னே நடந்தாள்.