கண்ணைப் பொத்திய கை

என் மனைவி மாட்டு டாக்டர். பக்கத்து மாநிலத்தில் படித்து, அங்கேயே வைத்தியம் பார்த்தவள். எனக்கு மாற்றல் வந்ததால் இங்கே வந்தோம். இந்த மாநிலத்தில் ஊசியைத் தொட வேண்டுமானால் இங்குள்ள கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அவள் படிப்பை ஒத்துக்கொண்டார்கள். ஒரு மாட்டுக்கு ஊசி போட்டுக் காட்டுவதுதான் பாக்கி. தேறாவிட்டால் அவளுக்கு ஆஸ்பத்திரி வேலை இல்லை.

"இதெல்லாம் ஒரு பரீட்சையா? தூக்கத்துலகூடப் போடுவியே" என்றேன்.

"தூக்கத்துலதான் தினமும் போடுறேன்."

அங்கே இருந்த கடைசி வருடம் மாடுகளுக்கு ஒரு தொற்றுநோய் வந்தது. பரவாமலிருக்க, பண்ணை பண்ணையாகப் போய் மாடுகளை ஊசி போட்டுக் கொல்லச் சொன்னார்கள். உதவிக்கு வந்தவன் கயிற்றால் இறுக்கிக் கழுத்து நரம்பை எழுப்புவான். இவள் இடது கையால் மாட்டின் கண்ணைப் பொத்திக்கொண்டு போடுவாள். அப்படிப் பொத்தச் சொல்லி யாரும் சொல்லித்தரவில்லை.

இங்கே வந்த பிறகும் காய் நறுக்கும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும்போது, சட்டென்று அந்தக் கையை உதறுவாள். உள்ளங்கையில் இமை அடிக்கிறது என்பாள். வாங்கிப் பார்ப்பேன், வெறும் கைதான். ஒரே ஒரு தடவை எனக்கும் ஏதோ உரசியது. அவளிடம் சொல்லவில்லை.

பரீட்சையன்று நானும் கூடப் போனேன். கவுன்சில் கட்டடத்தின் பின்னால் தகரக் கொட்டகை. கம்பிச் சட்டத்துக்குள் ஒரு சிவப்புப் பசு நின்றது. கழுத்து நரம்பில் ஒரு பாட்டில் கால்சியம் ஏற்ற வேண்டும். இடது கைக் கட்டைவிரலால் அழுத்தினால்தான் நரம்பு புடைக்கும். அவள் வலது கையில் ஊசியை எடுத்தாள். இடது கை நேராகப் பசுவின் கண்ணுக்குப் போனது.

"நரம்பு கழுத்துலதாம்மா இருக்கு. கண்ணுல என்ன தேடுறீங்க?" என்றார் தேர்வாளர். பக்கத்தில் நோட்டோடு நின்ற குமாஸ்தா சிரித்தார்.

கை நகரவில்லை. தேர்வாளர் கிட்டே வந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்த நோய் வந்தப்ப அங்கதான் இருந்தீங்களா?"

தலையசைத்தாள். குமாஸ்தாவின் சிரிப்பு நின்றது.

"கையை எடுங்கம்மா. இது சாகப்போற மாடு இல்ல."

"அது அதுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது. எடுங்க."

எடுத்தாள். பசு அவளையே பார்த்தது. கட்டைவிரல் கழுத்துக்கு இறங்கியது, நரம்பு எழுந்தது, ஊசி ஒரே தடவையில் உள்ளே போனது. மருந்து இறங்க இறங்க அவள் பார்த்ததெல்லாம் அதன் முழங்கால்களைத்தான். எந்த நொடியும் மடங்கிவிடும் என்பது போல.

பாட்டில் காலியானது. பசு நிதானமாக மூத்திரம் பெய்து தேர்வாளரின் செருப்பை நனைத்தது.

"போதும்மா, தேறிட்டீங்க. இதுக்கு மேல நான் வேற என்ன சொல்றது" என்றார். "அடுத்த ஆளை வரச் சொல்லுங்கய்யா."

அவள் நகரவில்லை.

"மாடு இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும் சார்."

பசுவை ஓட்டிவந்தவர் அதை அவிழ்த்து நடத்திக்கொண்டு போனார். கண்ணை எடுக்காமல் அவளும் பின்னாலேயே தெரு வரைக்கும் போனாள். உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பதிவுச் சீட்டை நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.