தார் போடாத இடம்

“நிறுத்துடா! கோபி, நிறுத்து!”

கஸ்தூரி டிப்பரின் பக்கத் தகரத்தை இரண்டு கையாலும் அடித்தாள். வண்டி இன்னும் பின்னால் போய்க்கொண்டிருந்தது. உள்ளே கொதிக்கக் கொதிக்கத் தார் ஜல்லி. தகரம் உள்ளங்கையைப் பொசுக்கியது. விடாமல் அடித்தாள்.

வண்டி நின்றபோது, அதன் பின்கதவுக்கும் ஜியாவுல்லா வீட்டுச் சுவருக்கும் நடுவே, அவளோடு சட்டி தூக்கும் எல்லம்மாள் நின்றுகொண்டிருந்தாள். வண்டி ஒரு முழம் முன்னால் நகர்ந்த பிறகுதான் சரிந்தாள்.

மலையின் விளிம்பில் அப்போதுதான் வெளிச்சம் வந்திருந்தது. கோபி டிரைவர் சீட்டிலிருந்து குதித்தான்.

“விசில் கேட்டுச்சுக்கா. சத்தியமா விசில் கேட்டுச்சு. வரலாம்னுதானே அடிச்சாங்க?”

விசில் கேட்டது உண்மை. அது மெயின் ரோட்டில் ஒலித்தது. நாளைக்குப் பௌர்ணமி; கிரிவலக் கூட்டத்துக்குப் போலீஸ்காரர்கள் இப்போதே தடுப்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். டிப்பருக்குப் பின்னால் நின்று விசில் அடிக்க வேண்டிய ஆள் போன வாரம்வரை இருந்தான். காண்ட்ராக்டர் சுப்பிரமணி வேலையைப் பிடிக்கக் கம்மி ரேட்டு போட்டிருந்தார். முதலில் கூலியைக் குறைத்தார். அப்புறம் விசில்காரனை நிறுத்தினார். “டிரைவருக்குக் கண்ணாடி இருக்குது இல்ல? அவனுக்கு எதுக்குத் தனியா ஒருத்தன்?”

வயதில் மூத்தவர் என்று ஆதிமூலம்தான் எல்லம்மாளை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். மற்றவர்கள் மண்வெட்டியும் சட்டியுமாக நின்றார்கள். கஸ்தூரி தன் கையைப் பார்த்தாள். தோல் உரிந்திருந்தது. வலி தெரியவில்லை. வேறு யாருடைய கையோபோல் இருந்தது.

சுப்பிரமணி பைக்கில் வந்து இறங்கினார். தரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு வாட்சைப் பார்த்தார்.

“இன்னா வேடிக்கை? மதியத்துக்கு மேல ஊருக்குள்ள லாரி விடமாட்டான். கலவை ஆறிச்சுன்னா கல்லாயிடும். ம், கொட்டுங்க. அந்தச் சுவத்தோரத்துல இருந்து ஆரம்பிங்க.”

“தெருக்கோடியில இருந்துதானே சார் போடுவோம்?” என்றாள் வேதா. கும்பலில் இளையவள்.

“சொன்னதைச் செய்யும்மா.”

கஸ்தூரியின் போன் அடித்தது. ஆதிமூலம். கேட்டாள். “சரிண்ணே” என்றாள். போனை இடுப்பில் செருகினாள்.

“இன்னாக்கா சொன்னாரு?”

“உள்ள எடுத்துட்டுப் போயிருக்காங்களாம்.”

சொல்லிவிட்டு நேராக நடந்தாள். சுவரோரத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“ஏய் கஸ்தூரி! இன்னா இது?”

“போலீசைக் கூப்பிடுங்க சார். எல்லம்மா உங்க ஆளு, உங்க வேலையில அடிபட்டான்னு உங்க வாயால சொல்லுங்க. அப்புறம் எழுந்திருக்கறேன்.”

மற்ற ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேதா சட்டியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக மண்வெட்டிகள் தரையில் விழுந்தன.

சுவரை ஒட்டிய கதவு மறுபடி திறந்தது. ஜியாவுல்லா வெளியே வந்தார். வெள்ளை லுங்கி, கையில் தண்ணீர்ச் சொம்பு. இந்த ரோட்டுக்காக வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு அலைந்தே செருப்புத் தேய்ந்தவர். தெரு மக்கள் ஒரு பங்கு போட்டால்தான் மீதியை அரசாங்கம் போடும் என்றார்கள். வீடு வீடாக ஏறி இறங்கி, திட்டு வாங்கி, அந்தப் பங்கைத் திரட்டியவரும் அவர்தான்.

“எம்மா, நியாயம்தான்மா. ஆனா கலவை ஆறிச்சுன்னா எங்க ரோடு போச்சே. மறுபடி யாரும்மா குடுப்பான்?”

கஸ்தூரி சொம்பை வாங்கித் தண்ணீர் குடித்தாள்.

சுப்பிரமணிக்கு முகம் மலர்ந்தது. ஜியாவுல்லாவின் தோளில் கை போட்டார். “நீங்களே சொல்லுங்க பாய். போலீஸ் வந்து கேட்டாலும் ஒரே வார்த்தைதான். அந்தம்மா தெருவுல நடந்து போனவங்க, நம்ம ஆளு இல்ல. சொல்லிட்டீங்கன்னா மத்தியானத்துக்குள்ள உங்க வாசல்ல கண்ணாடியாட்டம் ரோடு.”

ஜியாவுல்லா அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே விட்டார்.

“என் வீட்டுச் சுவத்துலதான்யா அவ நசுங்குனா. தொழுதுட்டு வந்து கதவைத் திறக்கறேன், பக்கத்துல அவ முகம். நடந்து போனவங்களா?”

லுங்கியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“பாய், லுங்கியெல்லாம் தாராயிடும்” என்றாள் வேதா.

“ரோடே போவுது. லுங்கி போனா இன்னா?”

யாரோ சிரித்தார்கள். சிரித்ததும் அடங்கிப்போனார்கள். எதிர் வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தி கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். டிப்பரிலிருந்து கிளம்பிய ஆவி மெலிந்துகொண்டே வந்தது.

“கோபி! கொட்றா அப்பிடியே!”

கோபி வண்டியில் ஏறிச் சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். “ஓட்டுனது நான்தான் சார். போலீஸ்ல அதைச் சொல்லப் போறேன். விசில்காரனை நிறுத்துனது யாருன்னும் சொல்லுவேன்.”

சுப்பிரமணி டிப்பரின் பின்கதவிலிருந்து ஒரு பிடி கலவையைக் குச்சியால் நெம்பிப் பார்த்தார். கட்டியாக விழுந்தது. குரலை இறக்கினார்.

“கஸ்தூரி, இதைக் கேளும்மா. அவளைப் பிரைவேட் ஆஸ்பத்திரியில சேக்கறேன். எவ்வளவு ஜாஸ்தி ஆனாலும் என் செலவு. சாயங்காலம் அவளே எழுந்து உக்காந்து பேசுவா. இந்தச் சுவத்தோரத்தை மட்டும் இப்ப முடிச்சுக் குடுத்துடுங்க. போதும்.”

வேதா கஸ்தூரியின் முழங்கையைப் பிடித்தாள். “அக்கா, ஒத்துக்கலாமா? எல்லம்மாக்காவுக்கு நல்ல வைத்தியம் கெடைச்சா போதும் இல்ல?”

எல்லோரும் கஸ்தூரியைப் பார்த்தார்கள். அவள் சுப்பிரமணியைப் பார்த்தாள். அழுகை வரவில்லை.

“வைத்தியம் வேணாம் சார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே ஆட்டோவுல அவ உயிர் போயிடுச்சு. ஆதிமூலண்ணன் அதைச் சொல்லத்தான் போன் பண்ணாரு.”

வேதா அலறிக்கொண்டு எழுந்தாள். கஸ்தூரி அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காரு. அப்பவே சொல்லியிருந்தா எல்லாரும் இப்பிடித்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பீங்க. திரும்பி வர்றதுக்குள்ள இவரு இங்க தார் போட்டு மூடியிருப்பாரு. உயிர் போன கேசு, ஆஸ்பத்திரியில இருந்தே போலீசுக்குச் சொல்லிடுவாங்க. அவங்க வந்து பாக்கற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது.”

வேதா உட்கார்ந்தாள். அவளை ஒட்டிக் கோபி, ஜியாவுல்லா, எதிர் வீட்டுப் பெண்கள். சுவரோரம் இடைவெளி இல்லாமல் நிறைந்தது.

கஸ்தூரி தரையில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டாள்.

“அவ ரத்தத்து மேலதான் நான் உக்காந்திருக்கறேன்.”